வேதசாட்சி தேவசகாயம்

பிறந்தார் இறத்தல் ஒருதலை என்பதை அறியாதார் எவரும் இலர். ஆயினும் அறிந்தபடி வாழ்வார் மிகச் சிலரே. விடியற்காலையிற் பயணம் உண்டென்று அறிந்தும் மூட்டை கட்டாது உறங்கும் வழிப்போக்கனைப் போல நம்மிற் பலர் நாள்களைக் கழிக்கின்றோம். மணவாளன் வருகைக்குக் காத்திருந்த கன்னியர் பதின்மருள் ஐவர் எண்ணெயும் கொண்டு வந்தனர் என்றும், ஏனை ஐவர் எண்ணெயின்றி நள்ளிரவிற் கடை தேடி ஓடினர் என்றும் நம் ஆண்டவர் அருளிய உவமையைச் சிறுபருவந் தொட்டே கேட்டு வருகின்றோம். அவ்வெண்ணெய் யாது? அதனை எங்ஙனம் ஈட்டுவது? செபமும் தவமும் என்று எளிதில் விடை கூறிவிடலாம். அவை வேண்டுவனவே. ஆயினும், தன் கையிலுள்ளதை இறைவன் கேட்குமுன்னரே பற்றுத் தளர்த்தி வைத்திருத்தலும், கேட்டபொழுது அவன் சித்தத்தை நம்பிக் கொடுத்துவிடுதலுமே அவ்வெண்ணெய் என்பது எம் துணிபு. இதனை நியாயங்களால் விளக்குவதினும் ஒருவர் வாழ்வால் விளக்குதல் எளிது. ஆதலின், திருவிதாங்கூர் நாட்டில் உயிர்நீத்த தேவசகாயனார் சரித்திரத்தை இம்மாதம் நம் சங்க இதழில் வரையலாயினோம்.

இதனை எழுதத் தூண்டிய காரணம் மற்றொன்றும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ரோமாபுரியில் அவர்க்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றபொழுது, அவர் பெயரின் ஈற்றில் நெடுங்காலம் வழங்கிவந்த பிள்ளை என்னும் பட்டம் சேர்க்கப்படவில்லை. அது குறித்து நம் சங்கத்தார் சிலர் மனவருத்தமுற்று எம்மை வினவினர். நாயர் குலத்தில் தோன்றியவராயினும் அப்பட்டத்தால் அவரை நம்மவராகவே எண்ணி மகிழ்ந்துவந்தார்க்கு அவ்வருத்தம் உண்டாதல் இயல்பே. அப்பொழுது யாம் தக்க விடை கூறாது வாளா இருந்தோம். இப்பொழுது கூற முயல்கின்றோம். முதலில் சரித்திரத்தைக் கேட்க.

பிறப்பும் அலுவலும்

இற்றைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்டாலம் என்றோர் ஊர் உண்டு. அவ்வூர் அக்காலத்துத் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. ஆண்டு 1712, ஏப்பிரல் மாதம் 23-ஆம் நாளில் நீலகண்டன் என்னும் ஆண்மகவு ஆண்டுப் பிறந்தது. தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி என்பவர். தாயார் தேவகி அம்மை என்பவர். தாய்வழியே குலமும் உரிமையும் கொள்ளும் மருமக்கட்டாய வழக்கின்படி அம்மகவு நாயர் குடியிலே வளர்ந்தது. அக்குடி அரண்மனையிற் செல்வாக்குப் பெற்ற குடி. நீலகண்டனார் இளமையிலேயே கல்வியும் படைக்கலப் பயிற்சியும் பெற்று, பத்மநாபபுரத்து நீலகண்டசுவாமி கோயிலில் அலுவல் ஏற்று, பின்னர் அரசாங்கப் பணியிலும் அமர்ந்தார். பார்கவி என்னும் நற்குணமுடைய மங்கையை மணந்து இல்லறம் நடத்தினார். நிலமும் நீரும், மாடும் மனையும், அரசர் மதிப்பும் ஊரார் வணக்கமும் ஒருங்கு வாய்ந்திருந்தன. இவ்வுலகத்தார் பேறு என்று எண்ணுவனவற்றுள் அவர்க்கு இல்லாதது யாதும் இன்று.

அந்நாளில் அந்நாட்டை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மர். 1729 முதல் 1758 வரை அரசு செலுத்திய அவர், சிறு நாடாய்க் கிடந்த வேணாட்டைப் பெரிய அரசாக வளர்த்தவர். எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் எதிர்ப்பை அடக்கியவர். மிளகு வாணிகத்தின் பொருட்டு ஒல்லாந்தர் அவரோடு பகைத்துக் குளச்சலிற் படையிறக்கினர். 1741-ஆம் ஆண்டு அங்கு நடந்த போரில் ஒல்லாந்தர் தோற்றனர். ஐரோப்பியக் கும்பினி ஒன்றை இந்நாட்டு அரசர் ஒருவர் முறியடித்த அப்போர் சரித்திரத்தில் என்றும் நினைக்கத்தக்கது. அதிற் சிறைப்பட்டவருள் ஒருவர் யூஸ்தாக்கியுஸ் தெ லனாய் என்பவர். வென்ற அரசர் அவருடைய போர்த்திறத்தைக் கண்டு, தம் படையைப் பயிற்றும் பொறுப்பை அவர்பாலே ஒப்புவித்தார். பகைவனாய் வந்திறங்கியவர் பின்னாளில் வலிய கப்பித்தான் என்று நாட்டார் அழைக்கும் தளபதியானார். புலியூர்க்குறிச்சியின்கண் உள்ள உதயகிரிக் கோட்டை அவர் மேற்பார்வையில் திருத்திக் கட்டப்பெற்றது. 1777-ஆம் ஆண்டு இறந்த அவரது கல்லறை அக்கோட்டையினுள்ளேயே இன்றும் காணப்படுகின்றது.

துயரமும் யோபுவின் சரிதமும்

இத்தெ லனாயுடன் அரசாங்க அலுவல் காரணமாக நீலகண்டனார்க்குப் பழக்கம் உண்டாயிற்று. அக்காலத்தில் நீலகண்டனார் குடும்பத்திற்கு அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்தன. மாடுகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, செல்வம் குறைந்தது. செய்யவேண்டிய பூசனைகள் எல்லாம் செய்தும் துன்பம் ஓயவில்லை. முகம் வாடியிருந்த நண்பரைக் கண்டு தெ லனாய் காரணம் வினவினார்; அறிந்தபின் யோபு என்னும் பக்தருடைய வரலாற்றை அவர்க்குச் சொன்னார்.

யோபுவின் வரலாறு நம்மிற் பலர் அறிந்ததே. குற்றமற்ற ஒருவன் ஒரே நாளில் மந்தைகளையும் மக்களையும் இழந்தான். பின்னர் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்தான். ஆறுதல் கூறவந்த நண்பர், அவன் மறைவிற் பாவஞ் செய்திருத்தல் வேண்டும் என்று வாதித்தனர். அவன் அதற்கு உடன்பட்டிலன். இறைவனை விட்டு நீங்கவும் இலன். தந்தவர் எவரோ அவரே எடுத்துக்கொண்டார் என்று பணிந்தான். கேள்விகள் பல கேட்டான். ஆயினும் கேட்டதும் இறைவனையே நோக்கிக் கேட்டான்.

இச்சரிதம் நீலகண்டனார் உள்ளத்திற் பதிந்த காரணத்தை யாம் சிறிது ஆராய்ந்து பார்த்தோம். இறைவனை வழிபட்டால் இழந்தது மீளும் என்று அவர்க்குச் சொல்லப்பட்டிருப்பின் அஃது ஒரு வாணிகமேயாம். அத்தகைய வாக்குறுதிகளை அவர் முன்னரும் கேட்டிருப்பார். துன்பம் தண்டனையாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை, கொடுத்த கையே எடுக்குமிடத்தும் அஃது அன்புடைய கையே என்னும் உண்மை அவர்க்குப் புதிதாய்த் தோன்றியிருத்தல் வேண்டும். மந்தைகளை இழந்த ஒருவர் மந்தைகளை இழந்த மற்றொருவர் கதையைக் கேட்டார். கூறியவரோ நாடும் விடுதலையும் இழந்து, அயலார் நாட்டில் வாழ்வை மீண்டும் தொடங்கியவர். இம்மூவர் அனுபவமும் ஓரிடத்துக் கூடியபொழுது வித்து ஊன்றப்பட்டது.

ஞானஸ்நானமும் புதுப்பெயரும்

நீலகண்டனார் சத்தியவேதத்தைக் கற்றுத் தேர்ந்து ஞானஸ்நானம் பெற விரும்பினார். அரசர் அரண்மனையிற் பணிபுரியும் ஒருவர் அங்ஙனம் செய்வது எளிதன்று. ஆதலின் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், இற்றைத் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள வடக்கன்குளத்திற்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே மறைப்பணி புரிந்திருந்த சேசு சபைக் குருவானவர் பரஞ்சோதி நாதர் எனத் தமிழ்மக்கள் வழங்கிய ஜுவான்னி பத்தீஸ்தா புத்தாரி என்பார். அவர் 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் அவர்க்கு ஞானஸ்நானம் அளித்தார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்து மூன்று.

அன்று இடப்பெற்ற பெயர் லாசர் என்பது. அப்பெயர் எபிரேய மொழியில் இறைவனே துணை எனப் பொருள்படும். அதனையே தமிழிற் தேவசகாயம் என்று வழங்கினர். பெயர் மாற்றம் என்பது பலர்க்கு ஆடை மாற்றம் போன்றது. இவர்க்கோ அது வாழ்வின் சுருக்கமாயிற்று. குடியே துணை, அலுவலே துணை, அரசர் அருளே துணை என்றிருந்தவர், அத்துணைகள் ஒவ்வொன்றும் நழுவும்பொழுது எஞ்சி நிற்கும் துணை யாது என்பதைப் பெயராகவே தாங்கினார். பின்னர் மனைவியாரும் மனமொத்து ஞானஸ்நானம் பெற்றார். தெரேசா என்னும் அவர் பெயர் தமிழில் ஞானப்பூ என வழங்கலாயிற்று.

சமநோக்கும் சிறையும்

ஞானஸ்நானம் பெற்றபின் தேவசகாயனார் அலுவலை விட்டு ஓடவில்லை, துறவியும் ஆகவில்லை. இல்லறத்தாராகவே இருந்து, அரசாங்க வேலையைச் செய்துகொண்டே தாம் கண்ட உண்மையைப் பிறர்க்கும் எடுத்துரைத்தார். ஆயினும் அவர் நடையில் ஒரு மாற்றம் எல்லார் கண்ணிலும் பட்டது. உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்னும் வேற்றுமை பாராது எல்லாரோடும் கலந்து பழகினார். மக்கள் யாவரும் ஒப்பர் என வற்புறுத்தினார். தீண்டாமையோடு காணாமையும் வழங்கிய அந்நாட்டில், அந்நூற்றாண்டில், ஒரு நாயர் தலைமகன் அங்ஙனம் ஒழுகியது எத்துணை அருஞ்செயல் என்பதை இக்காலத்தார் எண்ணிப் பார்த்தலும் அரிது. இன்ன சாதியார் இத்துணை அடி தொலைவில் நிற்றல் வேண்டும் என்று அளவிட்டு வைத்திருந்த நாடு அது. அவ்வளவுகளை அவர் தம் காலால் அழித்து நடந்தார்.

பகை வளர்ந்தது. அரசாங்க இரகசியங்களை அயலார்க்கும் ஐரோப்பியர்க்கும் வெளியிட்டார் என்பது முதலிய குற்றங்கள் அவர்மீது சாற்றப்பட்டன. 1749-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 23-ஆம் நாள் அவர் சிறைப்படுத்தப்பட்டார். இச்செயலின் காரணம் குறித்துச் சரித்திர ஆசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. மார்த்தாண்ட வர்மர் மதம் காரணமாக எவரையும் ஒறுத்தவரல்லர் என்றும், அரசியற் குற்றமே காரணமாயிருத்தல் வேண்டும் என்றும் கூறுவாரும் உளர். திருச்சபையோ விசுவாசத்தின் பொருட்டே அவர் உயிர் நீத்தார் என ஆராய்ந்து துணிந்தது. வழக்கின் இரு பக்கத்தையும் நேயர் அறிந்திருத்தல் நலம் என்றே இதனைக் குறித்தோம். விசுவாசத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தப்பட்டும் அவர் கைவிட்டிலர் என்பது திருச்சபை மரபிற் கொண்ட செய்தி. எம் பொருளுக்கு வேண்டுவதும் அதுவே.

மூவாண்டுக் காத்திருப்பு

ஒரு நொடியில் உயிரைக் கொடுத்தல் அருமையே. எனினும் அதனினும் அரியது, கொடுக்கவேண்டிய நாள் எந்நாள் என்று அறியாது காத்திருத்தல். தேவசகாயனார் சிறைப்பட்ட நாளுக்கும் இறந்த நாளுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழிந்தன. அவர் வாழ்வில் யாம் பெரிதாக எண்ணுவது இம்மூன்று ஆண்டுகளையே.

கைகள் பிணிக்கப்பட்டு, எருமைக்கடாவின்மீது பின்னோக்கி இருத்தப்பட்டு, அவர் ஊரூராகக் கொண்டு செல்லப்பட்டார். நேற்றுவரை வணங்கி ஒதுங்கிய தெருக்களிலேயே இன்று நகையாட்டுக்கு இலக்காயினார். நாடோறும் அடிக்கப்பட்டார். அடிபட்ட புண்களில் மிளகுப்பொடி தேய்க்கப்பட்டது, வெயிலில் நிறுத்தப்பட்டார், குடிக்கக் கலங்கல் நீரே கொடுக்கப்பட்டது. உயர்குடிப் பிறந்தார்க்கு உடல்நோவினும் மானக்கேடே பெரிது என்பர். இவரோ இரண்டையும் ஒருங்கே பொறுத்தார்.

புலியூர்க்குறிச்சியில் நீர்வேட்கையால் வருந்திய அவர் செபித்து முழங்கையாற் பாறையை இடிக்க, அதினின்று நீர் சுரந்தது என்று மக்கள் வழிவழியாகக் கூறிவருகின்றனர். முட்டிடிச்சான் பாறை என வழங்கும் அவ்விடத்திற்கு இன்றும் யாத்திரிகர் செல்கின்றனர். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தடியில் அவர் பல மாதம் சங்கிலியாற் கட்டுண்டு கிடந்தார். அங்கு அவரைக் காணவும், தம் குறைகளைச் சொல்லி அவர் செபத்தை வேண்டவும் மக்கள் திரண்டனர் என்பது வரலாறு. கட்டப்பட்டவனை நாடிக் கட்டற்றவர் வந்தனர்! ஆறுதல் வேண்டிய நிலையிலிருந்தவர் ஆறுதல் அளித்தார். தமக்கு யாதும் இல்லாத நிலையிலே பிறர்க்கு ஈவதற்கு அவரிடம் ஏதோ ஒன்று நிறைந்திருந்தது. கன்னியர் விளக்கின் எண்ணெய் எனத் தொடக்கத்தில் யாம் கூறியது அதுவே.

இந்த மூன்றாண்டுகளினிடையே நிகழ்ந்த மற்றொரு செய்தியையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1750-ஆம் ஆண்டு சனவரி மாதம் மார்த்தாண்ட வர்மர் தம் நாடு முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமியின் திருவடியில் ஒப்புவித்து, அப்பெருமானுடைய அடிமையாக நின்று அரசாள்வதாக உறுதி பூண்டார். திருப்படித்தானம் என்று அதனைக் கூறுவர். அரசர் தாம் வழிபட்ட தெய்வத்திற்கு அரசை ஒப்புவித்த அக்காலத்தில், அவர் சிறையிற் கிடந்தவர் தாம் வழிபட்ட இறைவனுக்குத் தம்மையே ஒப்புவித்துக்கொண்டிருந்தார். அரசர் செயலை யாம் குறைகூறத் துணியோம். அதன் பெருமையை அந்நாட்டார் நன்கறிவர். ஆயினும் நாட்டை ஒப்புவித்த பின்னரும் வாள் அரசர் கையிலேயே இருந்தது. தம்மை ஒப்புவித்தவர் கையிலோ விலங்கே இருந்தது. ஒப்புவித்தல் என்னும் சொல் ஒன்றே. அதன் விலை ஒன்றன்று.

ஆரல்வாய்மொழி

இறுதியில் அவர் நாட்டெல்லையாகிய ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே காவலில் வைக்கப்பட்டார். மேற்குத் தொடரின் மலைகள் தாழ்ந்து வழிவிடும் கணவாய் அது. காற்று ஓயாது வீசும் இடம். அவ்வழியேதான் வடக்கன்குளத்திற்குச் செல்லவேண்டும். ஞானஸ்நானம் பெற்ற ஊர் ஒருபுறம், பிறந்த நாடு மறுபுறமாக, இரண்டிற்கும் இடையிலுள்ள வாயிலில் அவருடைய இறுதி நாள்கள் கழிந்தன. செபத்திலும் தியானத்திலும் அவர் அந்நாள்களைச் செலவிட்டார் என்பர். 1752-ஆம் ஆண்டு சனவரி மாதம் 14-ஆம் நாள் காற்றாடிமலை என்னும் குன்றுக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே துப்பாக்கியாற் சுடப்பட்டு உயிர்நீத்தார். வயது நாற்பது நிரம்பவில்லை. ஞானஸ்நானம் பெற்று ஆறாண்டும் எட்டு மாதமுமே ஆகியிருந்தன. அவர் இறந்த அப்பொழுது ஒரு பாறை வீழ்ந்து மணியோசை போல் ஒலித்தது என்பது அவ்வூரார் கூறும் மரபு.

உடல் காட்டில் எறியப்பட்டது. சில நாள் சென்று விசுவாசிகள் எஞ்சிய எலும்புகளைத் தேடி எடுத்துக் கோட்டாற்றுப் புனித சவேரியார் கோயிலில் அடக்கஞ் செய்தனர். அக்கல்லறை இன்றும் அங்கே வணங்கப்பெறுகின்றது. ஞானப்பூ அம்மையாரோ கணவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்திற்கே சென்று வாழ்ந்து, அவ்வூரிலேயே அடக்கம் பெற்றார். உற்றார் ஊரார் யாவரையும் விட்டு அயலூரிற் கைம்மை வாழ்வு வாழ்ந்த அவ்வம்மையாரைப் பற்றி நூல்கள் மிகுதியாக எழுதவில்லை. வேதசாட்சியின் சரித்திரத்தை எழுதுவோர் அவருடைய மௌனமான சாட்சியத்தை மறத்தல் நன்றன்று. கணவர் கொடுத்தது உயிர் ஒன்று. அவர் கொடுத்ததோ எஞ்சிய நாள் அனைத்தும்.

பின்னாட் பெருமை

கொச்சி மேற்றிராணியார் 1756-ஆம் ஆண்டிலேயே இச்செய்தியை ரோமாபுரிக்கு எழுதித் தெரிவித்தனர். பின்னர் இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் அன்பே அவர் நினைவைக் காத்துநின்றது. தமிழகத்தும் ஈழத்தும் அவர் வரலாறு கூத்தாகவும் நாடகமாகவும் ஆடப்பெற்றது. எழுத்தறியாத மீனவரும் உழவரும் விடிய விடிய அமர்ந்து அதனைக் கண்டு கண்ணீர் சொரிந்தனர். 2012-ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் ரோமாபுரியிற் புனித பேதுரு சதுக்கத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். குருவும் கன்னியரும் அல்லாத பொதுநிலையினருள் இந்தியாவில் இச்சிறப்பை முதன்முதற் பெற்றவர் அவரே. மனைவியோடு வாழ்ந்து, சம்பளத்திற்கு அலுவல் பார்த்த ஒருவர் அவ்வுயர்வை எய்தினார் என்பது நம்மனோர்க்குப் பெரிதும் ஊக்கம் தருவதாம்.

பட்டம் குறித்து

இனி, நம் சங்கத்தார் வினாவிற்கு வருவோம். பிள்ளை என்னும் பட்டத்தை விடுத்தது தகுமோ எனக் கேட்டனர். மேலே கூறிய சரித்திரத்தை மீண்டும் ஒருகால் நோக்குக. இவர் வாழ்வு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்ட வாழ்வே. முதலில் மந்தையும் விளைவும் போயின. அவை அவர் விரும்பிக் கொடுத்தனவல்ல, எடுக்கப்பட்டன. அவ்விழப்பிலே யோபுவிடம் பாடங் கற்றபின், ஏனையவற்றை விரும்பியே கொடுத்தார். பழம்பெயரைக் கொடுத்தார், குலத்தின் உயர்வைக் கொடுத்தார், அலுவலையும் மானத்தையும் கொடுத்தார், மனைவியின் துணையைக் கொடுத்தார், இறுதியில் உயிரையும் கொடுத்தார். இத்துணையும் கொடுத்தவர்க்கு ஒரு பட்டத்தைக் கொடுத்தல் அரிதாயிருக்குமோ? எல்லாரும் ஒப்பர் என்று கூறியதன் பொருட்டே உயர்ந்தோர் பகைக்கு ஆளானவர் பெயரில், உயர்வைக் காட்டும் சொல்லை நிறுத்தி வைக்க நாம் முயல்வோமாயின், அவரைப் பகைத்தவர் பக்கத்தில் நாமும் சென்று நின்றவராவோம் அல்லமோ?

இதனை எழுதுங்கால் எம் மனம் கூசாமல் இல்லை. நம்மவர் வரலாற்றில் ஓர் ஏடு வடக்கன்குளத்திலேயே உள்ளது. தேவசகாயனார் ஞானஸ்நானம் பெற்ற அவ்வூரிலே பிற்காலத்து எழுந்த திருக்குடும்பக் கோயில், நம்மவரும் பிறரும் ஒருவரையொருவர் கலவாது அமர்தற்பொருட்டு இரு பிரிவாய்க் கட்டப்பெற்றது. நடுவே தடுப்பும் இருந்தது. 1910-ஆம் ஆண்டு குருவானவர் அத்தடுப்பை நீக்கியபொழுது நம்மவர் வெகுண்டு நியாயத்தலம் ஏறினர். வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. நம்மவர் கோரியது கிடைக்கவில்லை. எவ்வூரில் ஒருவர் தம் உயர்வைக் களைந்து இறைவனே துணை என்னும் பெயரை ஏற்றாரோ, அவ்வூரிலேயே ஏறத்தாழ 165 ஆண்டுகளின் பின் நாம் ஒரு சுவருக்காக வழக்காடினோம். இறைவன் கதவைத் தட்டியபொழுது நம் கையில் விளக்கு இல்லை, வழக்குக்கட்டே இருந்தது. இதனை மறைத்து நம் பெருமையை மட்டும் எழுதுதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. மாணாக்கர்க்குப் பிழையைத் திருத்திக்காட்டும் கை, தன் வீட்டுப் பிழையை மறைத்தல் ஆகாது.

சங்கம் வேண்டா என்று யாம் கூறினோம் அல்லேம். ஏழைப் பிள்ளைகள் கல்விக்கும், கைம்பெண்கள் வாழ்விற்கும், நலிந்தோர் துயர்க்கும் நம் சங்கம் உதவுவது நன்றே. அவை யாவும் கொடுக்கும் தொழில்கள். பட்டமும் தடுப்பும் பற்றி வைத்திருக்கும் தொழில்கள். கொடுக்கப் பயின்ற கை இறுதி நாளில் எளிதாக விரியும். பற்றப் பயின்ற கை அன்று வலிந்தே விரிக்கப்படும். தம் ஆயத்தத்தைச் சோதிக்க விரும்புவோர் ஒவ்வொருவரும், இன்று இறைவன் கேட்பின் யான் கொடுக்க மறுப்பது எது என்று தம் நெஞ்சைத் தாமே வினவுக. எதைக் கேட்டால் நெஞ்சம் சினக்கின்றதோ அதுவே நம் விளக்கில் எண்ணெய் வற்றிய இடம். சிலர்க்கு அது பொருள், சிலர்க்கு மக்கள், சிலர்க்குப் புகழ். நம்மிற் சிலர்க்கு அது பெயரின் ஈற்றில் நிற்கும் மூன்றெழுத்தாயிற்று. எம்மையும் நீக்கி இதனைக் கூறவில்லை. அப்பட்டம் புனிதர் பெயரில் இல்லை என்று செய்தித்தாளிற் கண்டபொழுது எம் நெஞ்சமும் ஒருகணம் சினந்தது. அன்று வாளா இருந்ததும் அதுபற்றியே.

தமிழ் பயின்றார் என்னும் உரிமையால் ஒன்று கூறி முடிப்போம். பிள்ளை என்னும் சொல்லுக்குக் குழவி என்பதே முதற்பொருள். குலப்பட்டமாய் வழங்கியது பின் வந்த வழக்கு. தாய் எங்குக் கொண்டுபோகின்றாள் என்று பிள்ளை கேட்பதில்லை. அவள் தோளிற் தலை சாய்த்து உறங்குகின்றது. மருந்து கசப்பின் அழும். அழுதும் அவளையே பற்றும். இறைவன் சித்தத்தை நம்புதல் என்பது இதுவன்றி வேறன்று. எருமைக்கடாவின்மீது பின்னோக்கி இருத்தப்பட்டுத் தாம் போகும் வழியைத் தாமே காணாது போன தேவசகாயனார், வழியை அறிந்தவர் ஒருவர் உளர் என்று நம்பி அப்பிள்ளையைப் போலவே சென்றார். ஆதலின் அவர் பெயரினின்று நீங்கியது பட்டம் ஒன்றே. சொல்லின் முதற்பொருள் அவரை விட்டு நீங்கவில்லை. நமக்கோ பட்டம் நிலைத்திருக்கின்றது. முதற்பொருள் உண்டோ என்பதே கேள்வி. இக்கட்டுரையின் தலைப்பில் அப்பட்டத்தை எழுதாது விட்டதும் இக்கருத்துப் பற்றியே.

அவர் திருநாளாகிய சனவரி 14 போகியையும் பொங்கலையும் ஒட்டி வருகின்றது. பழையன கழித்து மனையைத் தூய்மை செய்யும் அந்நாளில், கழிக்கவேண்டிய பழையன நம் நெஞ்சிலும் உளவோ என ஒவ்வொருவரும் நாடிப் பார்ப்போமாக. சர்வேசுரன் நம் எல்லாரையும் அவர் வரும் வேளையில் விளக்கேந்தி நிற்பவராக ஆக்கியருள்க.